நிலநடுக்கத்துக்கு முன் ஒரு திருப்பணி

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து உருக்காலைகளிலிருந்து கட்டுமானக் கம்பி ஏற்றிய லாரிகள் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறாத நாளில்லை. சென்னையைச் சுற்றி எழும்பும் அடுக்குமாடிகள், பாலங்கள், பள்ளிக்கூடங்கள் பலவற்றைத் தாங்கி நிற்பது இந்தக் கம்பிதான். நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டுமென்றால் தூணில் கம்பி எப்படி வளைய வேண்டும், வளையங்கள் எவ்வளவு நெருக்கமாக வர வேண்டும் என்றெல்லாம் புதிய கட்டடங்களுக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனம் விதி எழுதி வைத்திருக்கிறது. மீறுகிறவர்கள் உண்டு. ஆனாலும், விதி இருக்கிறது. கேட்க ஆள் இருக்கிறது.

இதே வட்டாரத்தில் பழைய கட்டடங்களுக்கும் பஞ்சமில்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று முள்காடு மூடிய மேடாகக் கிடக்கிறது. அங்கேயே, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே குவிமாடக் கல்லறைகளும் கூர்நுனித் தூண்களும் உப்புக்காற்றைத் தாங்கியபடி நிற்கின்றன. செம்புரைக்கல்லால் எழுப்பிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் பழவேற்காட்டில்தான் இருக்கிறது. திருப்பாலைவனத்தில் சோழர்காலச் சிவாலயம். பொன்னேரியில் அகத்தீஸ்வரர், கரிகிருஷ்ணப் பெருமாள் கோயில்கள். இவற்றைத் தவிர ஊர்தோறும் பெயர் தெரியாத மண்டபங்கள். நிலம் குலுங்கினால் இவை என்னவாகும் என்ற கேள்வியை நாம் எழுப்பியதே இல்லை. பழுதுபார்க்கிறோம் என்று சொல்லிக் கம்பியையும் சிமென்டையும் இவற்றின் தலையில் ஏற்றும்போதுகூட அந்தக் கேள்வி எழுவதில்லை.

பழைய கட்டடத்தை நிலநடுக்கத்துக்கு ஏற்றதாக்க, கனத்தைக் குறைத்துக் கோத்துக் கட்ட வேண்டும். நாமோ கனத்தைக் கூட்டி, கோப்பை அறுத்துக்கொண்டிருக்கிறோம். இதை மாற்ற புதிய துறையோ புதிய சட்டமோ தேவையில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாம் செய்துவரும் திருப்பணியே போதும். அதைச் செய்யும் முறைதான் மாற வேண்டும்.

இங்கே நிலம் நடுங்குமா?

தமிழ்நாடு இமயமலை அடிவாரம் அல்ல என்பது உண்மை. அதற்காக இது அசையாத நிலமும் அல்ல. 2001 செப்டம்பர் 25 அன்று இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஏற்பட்ட, ரிக்டர் அளவில் சுமார் 5.5 கொண்ட நிலநடுக்கம் சென்னை மக்களைத் தெருவுக்கு ஓடிவரச் செய்தது. வடக்கே, ஆந்திரக் கடலோரத்தில் ஓங்கோல் 1967-ல் குலுங்கியது. மேற்கே, கோயம்புத்தூர் வட்டாரம் 1900-ம் ஆண்டு பிப்ரவரியில் 6 ரிக்டருக்கு நெருக்கமான அதிர்வைக் கண்டது. இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு 2002-ல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடம், அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை வட்டாரத்தை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது.

மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் உள்ள கில்லாரியும் அப்படி அச்சமில்லாத ஊராகக் கருதப்பட்டதுதான். அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம் அது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்பு, விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு ஊர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நிலம் குலுங்கியது. அளவு 6.2-தான். இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அவரவர் வீடு. முகத்துக்கு மட்டும் கல் அடுக்கி, நடுவில் சல்லியும் மண்ணும் போட்டு நிரப்பிய தடித்த சுவர்கள். அவற்றின் மேல் வெயிலுக்கு இதமாக இரண்டடி வரை மண் கொட்டிய கூரைகள். குலுக்கலில் சுவரின் இரண்டு முகங்களும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து விழ, கூரை மொத்தமாக இறங்கியது. இதற்குப் பிறகுதான் ‘முதல் மண்டலம்’ என்ற பிரிவையே வரைபடத்திலிருந்து எடுத்தார்கள்.

‘இத்தனை நூற்றாண்டு நின்றுவிட்டதே, இனியும் நிற்காதா?’ என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் வருவதற்குப் பத்து விழுக்காடு வாய்ப்புள்ள நிலநடுக்கத்தை அளவுகோலாக வைத்துத்தான் உலகின் பல நாடுகளில் கட்டடங்களை வடிவமைக்கிறார்கள். அரை நூற்றாண்டு வாழப்போகும் அடுக்குமாடிக்கு அது அரிய விபத்து. ஐந்நூறு ஆண்டு வாழ வேண்டிய கோயிலுக்கு அதே நிலநடுக்கம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 65 விழுக்காடு. நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தக் கோபுரம் வேண்டும் என்றால், அந்தக் கோபுரம் ஒருநாள் குலுங்கத்தான் போகிறது என்று எண்ணியே அதைப் பேண வேண்டும்.

கல் எப்படி நிற்கிறது?

கல்லும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பழைய கட்டடங்களைக் கட்டியவர்கள் இதை அறிந்தே, ஒவ்வொரு கல்லும் மற்றொன்றை அழுத்திக்கொண்டிருக்கும்படி அடுக்கினார்கள். ஒரு கோயில் மண்டபத்தைப் பாருங்கள். அடிக்கல்லில் தூண், தூண் தலையில் போதிகை, போதிகை மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் பாவுகல். பல மண்டபங்களில் இவற்றுக்கிடையே சாந்துகூட இருக்காது. கல்லின் எடையும் கல்லில் கொத்திய குழிமுளையுமே பிடிமானம். இப்படி அடுக்கிய தூண், குலுங்கும்போது சற்றுச் சாய்ந்து, தன் எடையாலேயே மீண்டும் நிமிரும் தன்மை கொண்டது. தூணின் பாதம் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். தலையில் இருக்கும் சுமை அளவோடு இருக்க வேண்டும். இந்த இரண்டும்தான் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனையைத்தான் நாம் காற்றில் பறக்கவிடுகிறோம். பாவுகல்லுக்கு மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன் மேல் தட்டோடு என்பது பழைய முறை. மழைநீர் கசிந்தால் கெட்டுப்போன தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதுத் தளம் போடுவார்கள். கொத்தி எடுப்பது செலவு. குப்பையைக் கீழே இறக்குவது அதைவிடச் செலவு. அதனால் பழைய தளத்தின் மேலேயே சிமென்ட் கான்கிரீட் பூசி, கசிந்தால் அதன் மேல் இன்னொரு அடுக்கு போடுகிறோம். பத்து சென்டிமீட்டர் கான்கிரீட், சதுர மீட்டருக்கு 240 கிலோ. நூறு சதுர மீட்டர் உள்ள சிறிய மண்டபத்தின் தலையில் இப்படி ஏறுவது 24 டன். பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர் தலையில் மூட்டையும் இருந்தால், ஓட்டுநர் பிரேக் போடும்போது என்ன நடக்குமோ அதுதான் மண்டபத்துக்கும் நடக்கும். மூன்றாம் மண்டலத்துக்குச் சொல்லப்படும் அதிகபட்ச நில அதிர்வில் அந்த 24 டன் மட்டுமே ஏறத்தாழ 4 டன் பக்கவாட்டு விசையைக் கூடுதலாகத் தூண்களின் மேல் சுமத்தும். எந்தச் சிற்பியும் கணக்கில் வைக்காத சுமை அது.

கோபுரத்தின் கதை வேறு. அதன் கீழ்ப்பகுதி கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். முகமெங்கும் சுதைச் சிற்பங்கள். உள்ளே வெற்றுக்கூடு. ஒவ்வொரு நிலையிலும் நடுவில் வாசல். நிலைக்கு நிலை குறுக்கே போட்ட மர உத்திரங்களும் பலகைத் தளமும் ஏறிப்போக மட்டும் பயன்படுபவை அல்ல. எதிரெதிர்ச் சுவர்களைக் கட்டிப் பிடித்திருப்பவையும் அவைதாம். வௌவால் எச்சமும் மழைநீரும் மரத்தை உளுக்கச் செய்ததும் சுவர்கள் தனித்தனியாகின்றன. வாசல்களின் நேர்கோட்டில், மேலிருந்து கீழாக விரிசல் இறங்குகிறது. நிலம் குலுங்கும்போது கோபுரத்தின் உச்சி, அடியைவிடப் பலமடங்கு வேகமாக ஆடும். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தைக் கணினியில் மாதிரியமைத்து, நிலநடுக்கத்தின்போது அது எப்படி அசையும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கான தேசிய மையமே ஐஐடி வளாகத்தில் இயங்குகிறது. அறிவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

நடுங்காமலே விழுந்தவை

கும்மிடிப்பூண்டியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது காளஹஸ்தி. கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய அதன் ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இரவு இடிந்து விழுந்தது. நிலநடுக்கம் இல்லை, புயல் இல்லை. பல்லாண்டுகளாக எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த விரிசல், கடைசி நாள்களில் வேகமாக அகன்றது. சுற்றியிருந்த கடைகளையும் வீடுகளையும் முன்கூட்டியே காலி செய்ததால் பெரிய உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. அதே இடத்தில் புதிதாகக் கட்டிய கோபுரத்துக்கு 2017-ல் குடமுழுக்கு நடந்தது. ஊருக்குக் கோபுரம் திரும்பக் கிடைத்தது. ஐந்நூறு ஆண்டுக் கட்டுமானம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் 5 அதிகாலை ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயில் கிழக்கு வாசல் கோபுரத்தின் கீழ்நிலையில் ஒரு பகுதி சரிந்து தெருவில் விழுந்தது. விழுந்தது அதிகாலை என்பதால் யாருக்கும் காயமில்லை. அதுவும் நிலம் அசையாத நாள்தான்.

தன் எடையையே தாங்க முடியாமல் தவிக்கும் கட்டடம், பக்கவாட்டில் ஒரு குலுக்கலை எப்படித் தாங்கும்? ஆகவே, நிலநடுக்கத் தயார்நிலை என்பதன் முதல் பாதி வெறும் பராமரிப்புதான். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பிலோ சாந்திலோ பதித்து, தேதி எழுதிவைத்தால் போதும். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று அர்த்தம். கொத்தனார்கள் காலங்காலமாக அறிந்த சோதனை இது. கோபுர இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பதும், மேல்தள நீர் வெளியேறும் தூம்பை அடைப்பின்றி வைத்திருப்பதும், அடித்தளத்தை ஒட்டி ஆழ்துளைக் கிணறும் கழிவுநீர்ப் பள்ளமும் தோண்டவிடாமல் பார்த்துக்கொள்வதும் இந்தப் பாதியில் சேரும்.

பலப்படுத்தியதே பலவீனமானது

இன்னொரு பாதி நுட்பமானது. நல்லெண்ணத்தில் செய்த பலப்படுத்தலே கட்டடத்துக்கு எமனான கதைகள் உலகெங்கும் உண்டு.

இத்தாலியின் அசிசி நகரில் புனித பிரான்சிஸ் பேராலயம் 1997 செப்டம்பர் 26 அன்று குலுங்கியது. முதல் அதிர்வின் சேதத்தைப் பார்க்க உள்ளே போயிருந்த துறவியர் இருவரும் ஆய்வாளர் இருவரும், அடுத்த அதிர்வில் சரிந்த ஓவிய வளைகூரைக்கு அடியில் இறந்தார்கள். பல நூற்றாண்டுகளாகக் கூரையைப் பழுதுபார்த்தவர்கள் அள்ளாமல் விட்ட இடிபாடுகள் வளைகூரையின் முதுகில் டன் கணக்கில் சேர்ந்திருந்ததும், குலுங்கியபோது அந்தச் சுமையே வளைவைத் தள்ளி உடைத்ததும் பிறகு தெரிந்தது. அதே நிலநடுக்கத்தில், மர உத்திரங்களை எடுத்துவிட்டுக் கனமான கான்கிரீட் கூரை போட்ட பழைய கல்வீடுகள் பல, கூரை உடையாமல் சுவர் நொறுங்கிச் சரிந்தன. பேராலயத்தைச் சீராக்கிய பொறியாளர் ஜோர்ஜியோ குரோச்சி குழுவினர், முதலில் அந்தக் குப்பையை அள்ளினார்கள். பிறகு வளைகூரையின் மேற்புறம் மெல்லிய இழைகளாலான விலா அமைத்து, அதைக் கூரையோடு சுருள்வில் வழியாக இணைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பேராலயம் திறந்தது. கீழிருந்து பார்த்தால் எந்த வேலையும் கண்ணுக்குத் தெரியாது.

காத்மாண்டுவின் காஷ்டமண்டபம் நம் மண்டபங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அந்த மர மண்டபம் தரைமட்டமானது. உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. அடித்தளம் சரியில்லை என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். பிரிட்டனின் டர்ஹம் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்களும் நேபாளத் தொல்லியல் துறையினரும் அகழ்ந்து பார்த்தபோது, ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட அடித்தளம் சிதையாமல் இருந்தது. கோளாறு மேலே: மண்டபத்தைத் தாங்கிய நான்கு பெரிய மையத் தூண்களில் ஒன்று, தன் அடிக்கல்லின் குழியில் உட்காரவே இல்லை. முன்பு எப்போதோ நடந்த பழுதுபார்ப்பில் தரைக்கு மேல் தரை போட்டபோது அந்தப் பிடிமானம் போய்விட்டிருந்தது. தூணின் பாதம் தெரியாமல் கிரானைட் பதிக்கும் நம் கோயில் நிர்வாகங்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே காத்மாண்டுவில் ராணி போகரி குளத்தின் நடுவிலுள்ள கோயிலைக் கான்கிரீட் கொண்டு கட்டத் தொடங்கியபோது, நகர மக்கள் போராடி நிறுத்தினார்கள். போட்ட கான்கிரீட்டை எடுத்துவிட்டு செங்கல், சுண்ணாம்பு, சுருக்கி என்ற செங்கல் தூள் ஆகியவற்றால் மீண்டும் கட்டினார்கள்.

கம்பிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. துருப்பிடித்த இரும்பு தன் பழைய பருமனைப் போல் பல மடங்கு வீங்கும்; அந்த வீக்கம் எந்தக் கல்லையும் பிளக்கும். ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்தார். சில பத்தாண்டுகளில் இரும்பு துருவேறி, இரண்டாயிரம் ஆண்டு நின்ற பளிங்கைப் பிளக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றாகக் கழற்றி டைட்டேனியம் பொருத்தும் வேலை இன்றும் முடிந்தபாடில்லை. பழவேற்காட்டின் உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி எத்தனை நாள் தாங்கும் என்பதை அங்கே வீடு கட்டியவர்களைக் கேட்டாலே தெரியும்.

சிமென்டும் இதே வகைதான். அது செங்கல்லைவிடக் கடினம்; ஈரத்தை வெளியே விடாது. சுண்ணாம்புச் சாந்து இளகிய குணம் கொண்டது. கட்டடம் சற்று அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும், மயிரிழை விரிசலைத் தானே மூடவும் செய்யும். குலுங்கும்போது சாந்துதான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் கல் பிழைக்கும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசும்போது இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறோம். பழவேற்காடு ஏரி ஒரு காலத்தில் கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்பு சுட்ட இடம் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருத்தம்.

என்ன செய்யலாம்?

முதலில் சுமையிறக்கம். மேல்தளத்தில் சேர்ந்திருக்கும் அடுக்குகளை அளந்து, பாவுகல் வரை கொத்தி எடுத்து, ஒரே ஒரு சுண்ணாம்புத் தளம் போட வேண்டும். இதற்கு எந்த நவீனத் தொழில்நுட்பமும் தேவையில்லை. கசிவும் நிற்கும், ஆபத்தும் குறையும்.

இரண்டாவது, கோத்தல். சுவர்கள் பெட்டிபோல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் கட்டடம் பிழைக்கும். தனித்தனியாக நின்றால் வெளிப்பக்கமாக விழும். கோபுரத்தில் உளுத்த உத்திரங்களை மாற்றி அவற்றின் முனைகளைச் சுவரோடு பிணைப்பது, எதிரெதிர்ச் சுவர்களைத் துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகளால் இழுத்துப் பிடிப்பது, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரைகளில் தேக்கு உத்திரங்களைச் சுவருடன் கவ்விகளால் இணைப்பது ஆகியவை இந்த வகை.

மூன்றாவது, உள்நிரப்பு. இருமுகச் சுவரின் நடுவே சல்லி நகர்ந்து பொந்தாகியிருந்தால், நீர்த்த சுண்ணாம்புக் கலவையைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தி நிரப்பலாம். இரு முகங்களையும் கோக்கும் நீளக் கற்களை ஆங்காங்கே செருகலாம். கில்லாரிக்குப் பிறகு மராத்வாடா கிராமங்களில் எஞ்சி நின்ற கல்வீடுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வழிகளில் இதுவும் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி, நாளை இதைவிட நல்ல வழி வந்தால் இன்று செய்ததைக் கழற்ற முடிய வேண்டும் என்பது. கான்கிரீட்டைக் கழற்ற முடியாது.

அஸ்திவாரத்தை வெட்டி ரப்பர் தாங்கிகளின் மேல் கட்டடத்தையே உட்காரவைக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நூற்றாண்டு பழமையான நகர மண்டபத்தை 1980-களின் இறுதியில் அப்படித்தான் காத்தார்கள். ஆனால், நம் வட்டார மண்டபங்களுக்கு அது தேவைக்கு மீறிய வைத்தியம்.

நம்மிடமே முன்மாதிரி இல்லாமல் இல்லை. ராபர்ட் சிஷோல்ம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய சென்னை விக்டோரியா பொது அரங்கை, சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் மாநகராட்சி புதுப்பிக்க முன்வந்தபோது, நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் பலப்படுத்துவதையும் அந்தப் பணியில் சேர்த்தது. மதராஸ் மக்கள் முதன்முதலாகச் சலனப்படம் பார்த்த, நீதிக்கட்சிக்கு விதையூன்றிய கட்டடம் அது. அதற்குக் கிடைத்த கவனம் நியாயமானதே. தலைநகரின் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கிடைத்த அந்தக் கவனம், நாற்பது கிலோமீட்டர் வடக்கே வராமல் போவதுதான் நியாயமில்லை.

முதலில் மனிதர்கள் அல்லவா?

கட்டாயம் எழும் ஒரு எதிர்வாதம் உண்டு. பள்ளிகளும் அரசு மருத்துவமனைகளும் தொகுப்பு வீடுகளும் நிலநடுக்கத்துக்குத் தயாராக இல்லாதபோது, ஆள் வசிக்காத மண்டபத்துக்கு ஏன் செலவு? சிப்காட்டில் ரசாயனக் கிடங்குகளும் கொதிகலன்களும் இருக்கும்போது டச்சுக் கல்லறைக்கு என்ன அவசரம்? பணம் ஒரே பையிலிருந்து வருமானால், பள்ளிக்கூடமே முதலில் என்பதில் மறுபேச்சு இல்லை.

ஆனால், பணம் ஒரே பையிலிருந்து வரவில்லை. கோயில் திருப்பணிக்கு உபயதாரர்களும் கோயில் நிதியும் அரசு மானியமும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பணம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. அது கனம் கூட்டச் செலவாகுமா, குறைக்கச் செலவாகுமா என்பதே கேள்வி. தவிர, இவை ஆளில்லாத கட்டடங்களும் அல்ல. கிருத்திகையிலும் பிரதோஷத்திலும் வைகுண்ட ஏகாதசியிலும் ஒரு மண்டபத்துக்கு அடியில் நிற்கும் கூட்டம், பல பள்ளிக்கூடங்களின் மாணவர் தொகைக்குச் சமம்.

இன்னொரு தயக்கம், ஆகமம் இதை ஏற்குமா என்பது. பாலாலயம் செய்து, பழுதைக் களைந்து, மீண்டும் குடமுழுக்கு நடத்தும் மரபே கட்டடம் நலிவடையும் என்பதை ஒப்புக்கொண்ட மரபு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டடத்தை உச்சி முதல் அடி வரை பார்க்க வேண்டும் என்ற வழக்கம் உலகில் பல பாரம்பரியச் சின்னங்களுக்குக் கிடையாது. நமக்கு உண்டு. அந்தப் பன்னிரண்டாம் ஆண்டை வண்ணம் பூசவும் கிரானைட் பதிக்கவும் மட்டும் பயன்படுத்திக்கொள்கிறோம் என்பதுதான் குறை.

செய்ய வேண்டியவை

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, நீதிபதிகள் ஆர்.மகாதேவன், பி.டி.ஆதிகேசவலு அமர்வின் தீர்ப்பில், கோயில்களையும் தொல்சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலானது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-ல் பண்பாட்டுப் பாரம்பரிய இடங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. திருப்பணிக்கு ஒப்புதல் தர இந்து சமய அறநிலையத் துறையில் வல்லுநர் குழுக்கள் இருக்கின்றன. ஏடுகளில் குறையில்லை. திருவள்ளூர் மாவட்டத்தைக் களமாக எடுத்துக்கொண்டு, நான்கு காரியங்களை உடனே தொடங்கலாம்.

ஒன்று, பட்டியல். மாவட்டத்தில் நூறாண்டைக் கடந்த கோயில், மசூதி, தேவாலயம், சத்திரம், அரசு அலுவலகம் எவையெவை, எது எந்தத் துறையின் பொறுப்பு, எதில் விரிசல் நகர்கிறது என்ற விவரம் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் அது ஓர் அத்தியாயமாக வேண்டும். பொறியியல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை இது.

இரண்டு, திருப்பணி மதிப்பீட்டில் கட்டமைப்புக்கென ஒரு பக்கம். மேல்தளத்தின் தற்போதைய எடை, திருப்பணிக்குப் பின் எடை, தூண் பாதங்களின் நிலை, சுவர் பிணைப்பு என்ற நான்கு விவரங்களை ஸ்தபதியும் கட்டமைப்புப் பொறியாளரும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தராத மதிப்பீட்டை வல்லுநர் குழு பரிசீலனைக்கே எடுக்கக் கூடாது. திருப்பணிக்குப் பின் எடை கூடுகிறது என்றால், ஏன் என்பதற்கு விளக்கம் வேண்டும்.

மூன்று, ஆள். சுண்ணாம்பு நீற்றத் தெரிந்தவர்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து அரைக்கத் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள். மாமல்லபுரத்தில் சிற்பம் பயில அரசுக் கல்லூரி இருப்பதுபோல, சுண்ணாம்பு வேலைக்கும் பழைய கட்டடப் பழுதுபார்ப்புக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒரு பாடப்பிரிவு தொடங்கலாம். கும்மிடிப்பூண்டி வட்டாரத்து இளைஞர்களுக்கு ஆலைக்கு வெளியேயும் ஒரு பிழைப்பு கிடைக்கும். குறைந்த விலை கேட்டவருக்கே பணி என்ற ஒப்பந்த விதியையும் இந்த வேலைக்கு மட்டுமாவது தளர்த்த வேண்டும்.

நான்கு, பணம். 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் ஏழாவது அட்டவணை அனுமதிக்கும் இனங்களில் வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டடங்களைச் சீரமைப்பதும் ஒன்று. அறுபதாண்டு, எழுபதாண்டு ஆயுள் கொண்ட கட்டடங்களுக்குப் பொருள் விற்கும் ஆலைகள், ஐந்நூறு ஆண்டு நின்ற ஒன்றிரண்டின் பொறுப்பை எடுத்துக்கொள்வது பெரிய சுமையாகாது. பெயர்ப்பலகை வைக்கவும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

இவற்றில் எதற்கும் நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வராமலே போனாலும் நட்டமில்லை: கசியாத கூரையும் பிளக்காத கோபுரமும் மிச்சம். இந்த ஆண்டு திருப்பணிக் குழு அமைக்கும் ஊர்கள், வண்ணத்தையும் விளக்கையும் பேசுவதற்கு முன்பு, மண்டபத்தின் மேலே நான்கு பேரை ஏற்றி, ஓர் ஓரத்தில் கொத்திப் பார்த்து, பாவுகல்லுக்கு மேல் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணி எழுதட்டும். அந்த எண்ணிக்கை குறையாமல் எந்தக் கோயிலுக்கும் குடமுழுக்குத் தேதி குறிக்கக் கூடாது.